சென்னையில் இருந்துகொண்டு ஃப்ளை ஃபிஷிங்: தொடங்குபவர்களுக்கு

ஃப்ளை ஃபிஷிங் என்பது பூச்சிப் போலியை வீசி மீன் பிடிப்பது. அதில் பலரும் தேடிப்போவது ட்ரவுட் மீனை. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் அது நீலகிரி, கொடைக்கானல் மலைகளில்தான் இருக்கிறது. இரண்டுமே 500 கி.மீ.க்கு மேல். வேலை, குடும்பம், விடுமுறை எல்லாம் ஒத்துவந்தால் வருடத்துக்கு இரண்டு முறை போகலாம். போனவர்களில் பெரும்பாலோருக்கு முதல் நாள் லைனில் சிக்கெடுப்பதிலும், இரண்டாம் நாள் மரக்கிளையில் மாட்டியதை அறுப்பதிலும் போய்விடும். கை பழகி வரும்போது ஊர் திரும்ப டிக்கெட் போட்ட நாள் வந்துவிடும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீசப் பழகுவது புல்தரையில். மீன் ஃப்ளையை எடுப்பதைக் கண்டுபிடித்து முள்ளை மாட்டப் பழகுவது ஊர் ஏரியில். ஃப்ளை கட்டுவது வீட்டு மேசையில். இவையெல்லாம் ஓரளவு கைவந்தபின் மலை ஏறினால், அங்கே மீனை மட்டும் கவனித்தால் போதும்.

இந்தக் கலையே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சிப் போலி. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எடை இருப்பது தடித்த லைனில். ராட் என்னும் தூண்டில் கம்பை வளைத்து அந்த லைனை முன்னும் பின்னும் விரித்து வீசுகிறோம், ஃப்ளை அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகிறது. சாதாரணத் தூண்டிலில் கைதேர்ந்தவர்களும் இங்கே முதலில் தடுமாறுவது இதனால்தான்: லைன் முழுதாக விரியும் முன்பே வேகமாக உதறிவிடுவார்கள்.

வாங்க வேண்டியவை

ராட், 9 அடி நீளம், 5 வெயிட், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. ஏரியின் ஜிலேபி மீனுக்கும் (திலாப்பியா) மலை ட்ரவுட்டுக்கும் இதுவே போதும். வெயிட் என்ற எண் லைனின் எடையைக் குறிக்கிறது: 5 வெயிட் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும். ராட்டின் எண்ணும் லைனின் எண்ணும் பொருந்த வேண்டும். ரீல் எளிமையானதாக இருக்கட்டும். இந்த அளவு மீனுக்கு அது லைனைச் சுற்றிவைக்கும் பெட்டிதான். மிச்சமாகும் பணத்தை லைனில் போடுங்கள். மட்டமான லைனை நல்ல ராட்டாலும் வீச முடியாது. நல்ல லைன் இருந்தால் சுமாரான ராட்டும் சமாளித்துவிடும்.

லைன் விஷயத்தில் சென்னைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைகளில் ட்ரவுட் லைன் என்று விற்பது குளிர் நாட்டுத் தண்ணீருக்காகச் செய்தது. நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அது துவண்டு, பிசுபிசுத்து, ராட்டின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சரியாக வீசினாலும் கையிலிருந்து லைன் வழுக்கிப் போகாது. தொடங்குபவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். வெப்ப நாட்டு லைனோ குளிரில் விறைத்து, சுருள் சுருளாக நிற்கும். அதனால் ஊருக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என இரண்டு லைன் தேவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வருடத்தில் 350 நாள் இருக்கப்போகும் ஊருக்கானதை முதலில் வாங்குங்கள். மிதக்கும் வகை, முன்பாகம் தடித்தது, அட்டையில் டபிள்யூ.எஃப்.5.எஃப் என்று போட்டிருக்கும்.

ரீலில் முதலில் 50 கெஜம் டேக்ரான் பேக்கிங் நூல், அதன்மேல் லைன், லைன் நுனியில் 9 அடி லீடர் (போகப் போக மெலியும் தங்கூசி), லீடர் நுனியில் இரண்டடி டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய தங்கூசி), கடைசியில் ஃப்ளை. பேக்கிங்கை ரீலில் ஆர்பர் முடிச்சால் கட்டுங்கள். லீடரும் டிப்பெட்டும் சேரும் இடத்தில் சர்ஜன் முடிச்சு, மூன்று சுற்று. ஃப்ளைக்கு கிளிஞ்ச் முடிச்சு, ஐந்து சுற்று. இறுக்கும் முன் ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த தங்கூசியை இழுத்தால் உரசும் சூட்டிலேயே வலு போய்விடும்.

லீடர் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மீன்பிடி சாமான் கடையில் விற்கும் தங்கூசியைக் கொண்டு நீங்களே கட்டிக்கொள்ளலாம்: 0.45 மி.மீ. 120 செ.மீ., 0.38 மி.மீ. 45 செ.மீ., 0.30 மி.மீ. 30 செ.மீ., 0.23 மி.மீ. 25 செ.மீ., கடைசியில் 0.18 மி.மீ. 55 செ.மீ. எல்லாம் சேர்ந்து 9 அடி ஆகும் (முடிச்சுக்குப் போகும் நீளத்தைத் தனியாகச் சேர்த்து வெட்டுங்கள்). இப்படிப் படிப்படியாக மெலிந்தால்தான் லைனின் விசை ஃப்ளை வரை போய்ச் சேரும். 0.45இலிருந்து நேரே 0.18க்குத் தாவினால் ஃப்ளை போக மாட்டாமல் லைன் நுனியிலேயே குவியும். டிப்பெட் உருளைகளில் 4எக்ஸ், 5எக்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது வந்துவிடும். 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், அதாவது 0.18 மி.மீ.

புல்தரையில்

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வீசுவதில் பயனில்லை. கை சோர்ந்தபின் செய்யும் தப்புதான் பழக்கமாகப் படியும். நேரம் விடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். முற்பகல் கழியும்போது கடற்காற்று எழும். அதற்கு முன்பு காற்று சாதுவாக இருக்கும். கிரிக்கெட் மைதானத்தின் ஓரம் நல்ல இடம். சிமெண்டுத் தரையும் மொட்டை மாடியும் லைனின் மேற்பூச்சைச் சுரண்டிவிடும்.

பாதுகாப்புக்கு மூன்று விஷயம். ஃப்ளையைக் கட்டாதீர்கள், லீடர் நுனியில் 2 செ.மீ. சிவப்புக் கம்பளி நூல் போதும். நூல்தான் என்றாலும் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி போடும் பழக்கம் ஏரிக்கும் வேண்டும். மின்கம்பி போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்காதீர்கள். ராட் கார்பன் நாரால் ஆனது, மின்சாரம் கடத்தும். இடி இடித்தால் உடனே மடக்கிவிடுங்கள். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் “என்ன சார், புல்லுல மீன் இருக்கா?” என்று கேட்காமல் போகமாட்டார்கள். அதற்குப் பதில் தயார் செய்துகொள்வது உங்கள் பொறுப்பு. பேச்சுக் கொடுக்கும்போது ராட்டைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

லைனில் நுனியிலிருந்து 30 அடியில் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். முதல் மாதம் அதைத் தாண்ட வேண்டாம். கோடு ராட்டின் நுனிக்கு வரும்படி லைனை எதிரே புல்லில் நேராகப் பரப்புங்கள். கட்டைவிரல் பிடியின் மேல்பக்கம் இருக்கட்டும். ராட் நுனி தரையைத் தொடுமளவு தாழ்ந்திருக்க, லைனில் தொய்வே இல்லாமல் தொடங்குங்கள். மெதுவாகத் தூக்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, ராட் தலைக்கு மேலே கொஞ்சம் பின்னே சாய்ந்ததும் வெடுக்கென்று நிறுத்துங்கள். கடிகார முள் கணக்கில் சொன்னால் முன்னே 10 மணி, பின்னே 1 மணி. அந்த நிறுத்தத்தில்தான் லைன் மடிந்து பின்னால் பாயும். இப்போது காத்திருங்கள். தலையைத் திருப்பி, லைன் பின்னால் விரிவதைக் கண்ணால் பாருங்கள். கடைசி நெளிவு நேராகும் சமயம் முன்னே கொண்டுவந்து 10 மணியில் நிறுத்துங்கள். லைன் விரிந்து இறங்கும்போது ராட்டையும் கூடவே இறக்குங்கள். லைனை நீட்ட நீட்டக் காத்திருக்கும் நேரமும் நீளும்.

எங்கே தப்பு நடக்கிறது என்பதைச் சத்தமும் லைனும் சொல்லிவிடும்.

பின்னால் சாட்டை அடித்ததுபோல் சுளீரென்று கேட்டால் நீங்கள் காத்திருக்கவில்லை. கம்பளி நூல் போய்விட்டிருக்கும். ஏரியில் என்றால் அது ஒரு ஃப்ளை.

லைன் பின்னால் புல்லைத் தொட்டால் மணிக்கட்டு மடங்கி ராட் 3 மணிக்குச் சாய்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு, ராட்டின் அடிமுனையைக் கைப்பட்டைக்குள் செருகிக்கொண்டு ஒரு வாரம் வீசுங்கள். மணிக்கட்டு தானாக அடங்கும்.

லீடரில் தானாக முடிச்சு விழுகிறதா? காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். காற்று காரணம் இல்லை. முன்னே தள்ளும்போது தொடக்கத்திலேயே முழு பலத்தையும் போடுவதால் ராட் நுனி குழிந்து போய், லைனின் மேல்மடிப்பு கீழ்மடிப்பை வெட்டிக்கொண்டு போகிறது. பலத்தைக் கடைசியில் கூட்டுங்கள். முடிச்சு விழுந்த இடத்தில் தங்கூசியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். பிரித்தாலும் நம்பாமல் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

லைன் முன்னே குவியலாக விழுந்தால் நிறுத்தம் போதவில்லை. ராட் 10 மணியைத் தாண்டி வழுகிக்கொண்டு போகிறது.

இரண்டாவது மாதம் மூன்று பழைய தட்டுகளை 25, 30, 40 அடியில் வைத்து நூலைத் தட்டுக்குள் போடப் பாருங்கள். தூரம் வீசும் ஆசையைத் தள்ளிவையுங்கள். மலை ஓடையில் மீன் பெரும்பாலும் 25 அடிக்குள்தான் கிடைக்கும், ஆனால் ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் அது எடுக்காது. அடுத்து ராட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடுப்பு உயரத்தில் லைன் போகும்படி வீசுங்கள். சோலைக்காட்டு ஓடைகளில் தலைக்கு மேல் கிளை கவிந்திருக்கும் இடங்களில் இது மட்டும்தான் எடுபடும். ஒவ்வொரு வீச்சும் முடிந்த கையோடு லைனை வலக்கை ஆள்காட்டிவிரலுக்கு அடியில் சிக்கவைத்து, அந்த விரலுக்குப் பின்னாலிருந்து இடக்கையால் சாண் சாணாக இழுப்பதையும் சேர்த்துப் பழகுங்கள். இதைப் பலரும் விட்டுவிட்டு, மீன் எடுத்த நொடியில் லைனைத் தேடுவார்கள்.

ரோல் காஸ்ட் என்ற வீச்சை (பின்னால் வீசாமல் லைனை முன்னே உருட்டிவிடுவது) மட்டும் புல்லில் கற்க முடியாது. லைனைத் தண்ணீர் பிடித்து இழுப்பதால்தான் அதற்கு விசை கிடைக்கிறது. ஏரிக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஏரி

முதலில் அனுமதி. சுற்றுவட்டார ஏரி, குளங்கள் பலவற்றில் மீன் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். “ஜிலேபி மட்டும் பிடிக்கிறேன், கட்லா ரோகு மாட்டினால் விட்டுவிடுகிறேன்” என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் விட்ட குஞ்சுகளோடு இரைக்குப் போட்டி போடுவதே ஜிலேபிதான். கட்டணம் வாங்கிக்கொண்டு விடும் பண்ணைக் குட்டைகளும் உண்டு. குடிநீர் ஏரி, பறவைகள் சரணாலயம், சாக்கடை கலக்கும் ஆறு ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஜிலேபியை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இன்று பெரும்பாலான ஊர் ஏரி, குளங்களில் இருக்கிறது. தொடங்குபவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தெளிந்த தண்ணீரில் கரையோரம் இரண்டு மூன்று அடி ஆழத்தில் தட்டு அளவுக்கு வட்டக் குழிகள் தெரியும். ஆண் மீன் தோண்டிய கூடு அது. குழிக்குள் எது வந்தாலும் வாயால் கவ்வி வெளியே கொண்டுபோய்த் துப்பும்.

லீடரில் 5எக்ஸ் டிப்பெட், 14ஆம் எண் முள்ளில் கட்டிய மயிற்பீலி நிம்ஃப் (தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிப்பருவத்தின் போலி). அதற்கு இரண்டரை அடி மேலே, எண்ணெய் தடவிய வெள்ளைக் கம்பளித் துணுக்கு ஒன்று தக்கையாக. குனிந்து வாருங்கள், உங்கள் நிழல் குழிமேல் விழக்கூடாது. குழியைத் தாண்டி மூன்றடி தள்ளிப் போட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து, குழிக்குள் நிறுத்துங்கள். மீன் தலையைக் கீழே சாய்த்து ஃப்ளையை உறிஞ்சும். ஒரு நொடிக்குள் துப்பிவிடும். தக்கை அமுங்கும்வரை காத்திருந்தால் தவறவிடுவீர்கள். தக்கை நகர்வது நின்றாலோ, பக்கவாட்டில் அரை அங்குலம் விலகினாலோ இழுக்க வேண்டும். ராட்டை வானத்துக்குத் தூக்காமல், இடக்கையால் லைனை ஒரு சாண் இழுங்கள். முள் மாட்டவில்லை என்றாலும் ஃப்ளை குழியை விட்டு ஓடியிருக்காது, மீன் மறுபடி வரும். மலையில் ட்ரவுட் நிம்ஃபை எடுப்பதும் இப்படித்தான், அதே ஒரு நொடிதான். ஜிலேபியில் பத்துக்கு ஐந்து மாட்டும் அளவுக்குத் தேறியவர் அங்கே திணறமாட்டார்.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் பிடித்த ஜிலேபியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வையுங்கள். வேறு குளத்தில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள்.

விரால் வேறு ஆட்டம். 7 அல்லது 8 வெயிட் ராட், இரண்டு மீட்டர் தடித்த தங்கூசி, பாசியில் சிக்காதபடி முள்ளுக்குத் தடுப்பு வைத்த நுரைத்தவளை. விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட இடத்துக்கு ஒரு மீட்டர் அப்பால் போட்டு, விட்டு விட்டு இழுங்கள். தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கும். ‘ஒன்று’ என்று மனசுக்குள் எண்ணிவிட்டு இழுங்கள். சிவந்த பார்ப்புக் கூட்டம் மேற்பரப்பில் கொப்பளித்தால் அதன் அடியில் தாய்தகப்பன் காவல் நிற்கிறது. அதை மட்டும் பிடிக்காதீர்கள், ஒரே நாளில் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கட்லா, ரோகு இரண்டும் ஃப்ளைக்கு லேசில் மசியாது, முதல் வருடம் விட்டுவிடுங்கள்.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் கழிமுகத்தில் கொடுவா மீனும் பாறை மீனும் உண்டு. ஆனால் அதற்கு 8 வெயிட் ராட், உப்புக்குத் துருப்பிடிக்காத ரீல், எதிர்க்காற்றில் 60 அடி வீசும் கை மூன்றும் வேண்டும். இரண்டாவது வருடம் யோசிக்கலாம். போனால், வீடு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் படுக்கப் போகாதீர்கள்.

மேசையில்: ஓர் ஈசல் கட்டுவது

முதல் மழைக்குப் பின் சாயங்காலம் ஈசல் கிளம்பும்போது ஏரிக்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரில் விழும் ஈசலுக்குக் கெண்டையிலிருந்து விரால் வரை எல்லாம் மேலே வரும். அந்த அரை மணி நேரத்துக்கு வெளிநாட்டு டப்பாவில் சரியான ஃப்ளை இருக்காது. நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கருவி: மேசையில் பொருத்தும் சிறு வைஸ், நூல்கண்டு பிடிக்கும் பாபின், கூரான கத்தரி. சரக்கு: 12ஆம் எண் மெல்லிய முள், 6/0 பழுப்பு நூல், கைவேலைக் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. பழுப்பு ஃபோம் ஷீட், பழுப்புக் கம்பளி, வெள்ளை பிளாஸ்டிக் கயிறு, நாட்டுச் சேவலின் கழுத்திறகு, நிறமில்லாத நகப்பூச்சு.

கயிறு பாலிப்ரோப்பிலீனாக இருக்க வேண்டும். ஒரு துண்டு வெட்டி, சோப்புச் சொட்டு விட்ட தண்ணீரில் அமுக்குங்கள். மேலே வந்தால் அதுதான். நைலான் மூழ்கிவிடும், அதில் இறக்கை வைத்தால் ஈசலும் மூழ்கும். சேவல் கழுத்துத் தோலைக் கறிக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கொழுப்பைச் சுரண்டி, சோப்புப் போட்டு அலசி, உட்பக்கம் வெண்காரம் தூவி இரண்டு வாரம் நிழலில் காயவிடுங்கள். பிறகு பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் பேன், பூச்சி முட்டை எல்லாம் சாகும்.

முள்ளின் வளைவை வைஸில் கவ்வி, தண்டு கிடையாக இருக்கும்படி வையுங்கள். முள் கண்ணுக்கு 2 மி.மீ. பின்னால் நூலைத் தொடங்கி, சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்படி வளைவு தொடங்கும் இடம் வரை போங்கள். 3 மி.மீ. அகலம், 4 செ.மீ. நீளத்தில் வெட்டிய ஃபோம் பட்டையின் ஒரு முனையை அங்கே கட்டுங்கள். மீதி பின்னால் தொங்கட்டும். முதல் மூன்று சுற்று தளர்வாக, அடுத்த மூன்று இறுக்கமாக. எடுத்த எடுப்பில் இறுக்கினால் நூல் ஃபோமை அறுத்துவிடும்.

கம்பளியைப் பிய்த்துப் பஞ்சாக்கி, நூலில் கொஞ்சமாக ஒட்டி ஒரே திசையில் முறுக்கி, முன்னோக்கிச் சுற்றுங்கள். கண்ணுக்கு 4 மி.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும். ஃபோமை முதுகின் மேல் மடித்துக் கொண்டுவந்து அங்கே கட்டி, தலைக்கு 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

கயிற்றைப் பிரித்து, சீப்பால் வாரி, 20 இழை எடுங்கள். கட்டிய இடத்தின் மேலேயே குறுக்காக வைத்து, எட்டு போல நான்கு சுற்று போட்டால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். இரண்டையும் பின்னால் சாய்த்து, வளைவைத் தாண்டி 3 மி.மீ. நீளும்படி வெட்டுங்கள். உண்மையான ஈசலுக்கு இறக்கை இதைவிட நீளம்தான். ஆனால் அப்படி விட்டால் வீசும்போது ஃப்ளை பம்பரமாகச் சுழன்று டிப்பெட்டை முறுக்கிவிடும்.

கடைசியாக இறகு. அதன் இழை நீளம், முள்ளின் வாயகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். கட்டி, மூன்று சுற்று சுற்றி, அடிப்பக்கத்தில் நீட்டும் இழைகளை வழித்து வெட்டிவிடுங்கள். அப்போதுதான் ஃப்ளை நிமிர்ந்து நிற்காமல் ஈசலைப் போல வயிறு தண்ணீரில் படியக் கிடக்கும். நான்கு அரைமுடிச்சு, ஒரு சொட்டு நகப்பூச்சு. முள் கண்ணில் பூச்சு இறங்கியிருந்தால் காயும் முன் ஊசியால் குத்தி எடுங்கள்.

எல்லோரும் செய்யும் தப்பு, கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுவது. கடைசியில் முடிச்சுப் போட இடம் இருக்காது. போட்டாலும் டிப்பெட் நுழையாது. முதல் பத்து ஃப்ளைகளையும் ஒரே மாதிரி கட்டுங்கள். வகைக்கு ஒன்றாகக் கட்டினால் எதுவும் கையில் படியாது. வைஸிலிருந்து எடுக்கும் முன் குறட்டால் முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிடுங்கள்.

மலைக்குப் போகும்போது

நீலகிரியில் ட்ரவுட் இயற்கையாக இருந்ததில்லை. 1863இல் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தபின்தான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைகொண்டது. இன்று அந்த நீர்நிலைகள் வனத்துறை, மின்வாரியம், மீன்வளத்துறை என்று பல கைகளில் இருக்கின்றன. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கக் கூடாது. ரயில் டிக்கெட் போடும் முன்பே ஊட்டியில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் எந்த இடத்துக்கு, எந்தத் தேதிக்கு அனுமதி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இடம் காட்டுக்குள் என்றால் வனத்துறையிடமும் வாங்குங்கள். “அங்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க” என்று சொல்பவரை நம்பிப் போகாதீர்கள். சொந்த வண்டியில் போனால் 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் தேவை. ரயில் என்றால் இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மற்ற மாதங்களில் சிறு வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 10 முதல் 16 டிகிரி என்றால் மீன் நன்றாக மேயும். 20ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. பிடித்து விட்ட மீன் நீந்திப்போவதுபோல் போய் அப்புறம் செத்துவிடும்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம்வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமிருந்து வாருங்கள். மேற்பரப்பில் மிதக்கும் ஃப்ளை நீரோடு நீராகப் போக வேண்டும். லைன் இழுத்து ஃப்ளைக்குப் பின்னால் வரிக்கோடு விழுந்தால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. லைன் விழுந்ததும் அதன் நடுப்பகுதியை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருங்கள். டப்பாவில் 14ஆம் எண் மயிற்பீலி நிம்ஃப் ஆறு, 10ஆம் எண் கறுப்பு வூலி பக்கர் (மூழ்கவிட்டு இழுக்கும் ஃப்ளை) நான்கு, 12 எண் ஈசல் நான்கு, 16 எண் சாம்பல்நிற மிதவை ஃப்ளை நான்கு இருந்தால் இரண்டு நாளுக்குத் தாராளம்.

இன்னும் பெரிய பயணம் என்றால் இமாச்சலத்தின் தீர்த்தன் ஆறு. பழுப்பு ட்ரவுட்டுக்குப் பேர்போனது. நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை இமாச்சலத்தில் ட்ரவுட் பிடிக்கத் தடை. பனி உருகிக் கலங்கும் முன் மார்ச், ஏப்ரல். இல்லையென்றால் மழை ஓய்ந்தபின் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். சண்டிகரிலிருந்து தீர்த்தன் பள்ளத்தாக்கில் உள்ள பஞ்சார் ஊருக்குப் போகவே ஒரு பகல் ஆகும், ஆகவே மீன்பிடிக்க நான்கு நாளாவது இல்லாமல் கிளம்பாதீர்கள். நான்கு துண்டாகக் கழற்றிய 9 அடி ராட் 70 செ.மீ. நீளம் இருக்கும், விமானத்தில் கைப்பையில் ஏற்றமாட்டார்கள். கெட்டியான குழாயில் போட்டு முள், குறடு எல்லாவற்றோடும் சாமான் பகுதியில் கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்தபின்

பூட்ஸ், வலை எல்லாவற்றையும் சேறு போகக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஓர் ஓடையின் நோயும் பாசியும் இன்னோர் இடத்துக்குப் பரவுவது ஈரச் செருப்பின் வழியாகத்தான். லைனை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, ரீலில் இறுக்கிச் சுற்றாமல் அகலமான வளையங்களாக அலமாரியில் தொங்கவிடுங்கள். டீட் கலந்த கொசு விரட்டி கையில் இருக்கும்போது லைனைத் தொடாதீர்கள், மேற்பூச்சு கரைந்து வெடித்துவிடும். ராட்டை ஈரத்தோடு குழாயில் மூடினால் சென்னை ஈரப்பதத்தில் கார்க் பிடி பூஞ்சை பிடிக்கும். துண்டுகள் சேரும் இடத்தில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு தேய்த்து வைத்தால் அடுத்த முறை சிக்கிக்கொள்ளாமல் கழலும். இறகு டப்பாவில் இரண்டு அந்துருண்டை போட்டு இறுக்க மூடுங்கள். ஃப்ளை டப்பாவை மட்டும் ஒரு ராத்திரி திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் முள் அத்தனையும் துருவேறியிருக்கும்.